ரேடியேட்டர் விசிறிக்குக் கைச் சுவிட்ச்

கடைக்கென்று சொந்தமாக ஒரு சரக்கு வேன் வைத்திருக்கும் வணிகர்கள் நம் மாவட்டத்தில் இன்று அநேகம் பேர். விடியற்காலையில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், லீ பஜாரில் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் என்று வேண்டியதை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஆனால் பில் போட்டு, மூட்டை ஏற்றி, ஓமலூரைத் தாண்டும்போதே பதினோரு மணி ஆகிவிடுகிறது. பிறகு தீவட்டிப்பட்டி, தொப்பூர், அதன்மேல் கணவாய் ஏற்றம். சேலத்துத் தரையிலிருந்து தருமபுரி மேட்டுக்கு ஏறும் அந்தச் சில கிலோமீட்டரில்தான் நம் வண்டிகளின் யோக்கியதை தெரியும்.

எங்கள் கடை வேனுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். வண்டி பழைய பெட்ரோல் வேன். கணவாயில் ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை. சூட்டை உணர்ந்து விசிறியை ஓட விடும் தெர்மோ சுவிட்ச் செத்துப்போயிருந்தது. வழியில் கிடைத்த மெக்கானிக் அதை அறுத்துவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி நேரடியாக இணைத்தார். விசிறி ஓடியது, ஊர் வந்து சேர்ந்தோம். புது தெர்மோ சுவிட்ச் வாங்கிப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோமே தவிர, போடவில்லை. எந்நேரமும் விசிறி ஓடுகிறதே என்று எங்கள் டிரைவர், வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண சுவிட்ச் ஒன்றை அந்த ஒயரில் கோத்து, டாஷ்போர்டுக்குக் கீழே திருகி வைத்தார். அவர் ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் அவர் வரவில்லை. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சுவிட்ச் எதற்கு என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் போன் வந்தது. "அண்ணா, முள்ளு மேல ஏறிப்போச்சு, வண்டி நின்னுபோச்சு, ஒரே ஆவியா வருது" என்றான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டும் கோணிக்கொண்டதால் லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அத்தனை நாளும் வாடகை வண்டியில் சரக்கு எடுத்தோம்.

செலவை விடுங்கள். வண்டியைப் பார்த்த எலக்ட்ரீஷியன் அந்தச் சுவிட்சைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். பின்பக்கம் உருகிக் கறுத்திருந்தது. அதோடு சேர்ந்த ஒயரின் மேல்தோல் விரல் நீளத்துக்குக் கருகியிருந்தது. "பின்னாடி எண்ணெய் டின்னு ஏத்திக்கிட்டு இதைப் போட்டு ஓட்டியிருக்கீங்களே!" என்று மட்டும் சொன்னார். அன்றுதான் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தோம். தெரிந்துகொண்டதை நம் வணிகர்களுக்கும் சொல்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

லாரிகளிலும் பழைய டெம்போக்களிலும் ரேடியேட்டர் விசிறி இன்ஜினோடு பெல்ட்டில் ஓடும். இன்ஜின் ஓடினால் விசிறி ஓடும். அதற்குச் சுவிட்சே கிடையாது. கார்களிலும் பல சிறு வேன்களிலும் மின்சார விசிறி. உங்கள் வண்டியில் எது என்று தெரியாவிட்டால், இன்ஜினை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டு விசிறியைப் பாருங்கள். மோட்டாருக்கு ஒயர் போகிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். விசிறிக்குள் கையை மட்டும் விடாதீர்கள். சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும், சூடு இருந்தால் அது தானாகச் சுற்றும்.

மின்சார விசிறிக்கு வேலை எப்போது? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். சந்தை நெரிசலில் ஊரும்போதும், முழு லோடுடன் இரண்டாவது கியரில் கணவாய் ஏறும்போதும்தான் காற்று போதாது. சுமை அதிகம், வேகம் குறைவு. அப்போது தெர்மோ சுவிட்ச், தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியைத் தாண்டிய பிறகு விசிறியை ஓட விடும், சில டிகிரி இறங்கியதும் நிறுத்திவிடும். ஏற்றம் வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது, டிரைவருக்குத் தெரியும். சூடு ஏறுவதற்கு முன்பே, தொப்பூரில் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே விசிறியைப் போட்டுவிட முடிந்தால் நல்லதுதானே? கைச் சுவிட்சின் முதல் பயன் இது. தானியங்கி சுவிட்ச் பழுதானால் வழியில் நின்றுவிடாமல் ஊர் வந்து சேரலாம் என்பது இரண்டாவது.

இரண்டு பயனும் கிடைக்க வேண்டுமானால், கைச் சுவிட்ச் தானியங்கி சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அதன் இடத்தில் அல்ல. வீட்டுக்கு இரண்டு கதவு இருப்பது போல, எந்தக் கதவு திறந்தாலும் உள்ளே போகலாம். டிரைவர் மறந்தாலும் தெர்மோ சுவிட்ச் விசிறியைப் போடும், தெர்மோ சுவிட்ச் செத்தாலும் டிரைவர் போடலாம். எங்கள் வண்டியில் இருந்ததோ ஒரே கதவு. அதன் சாவியும் டிரைவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது.

அடுத்தது, சுவிட்ச் ஏன் உருகியது என்பது. பன்னிரண்டு வோல்ட்தானே, கை வைத்தால் கூட ஷாக் அடிக்காதே என்று பலரும் நினைக்கிறோம். வீட்டு மின்விசிறி 230 வோல்ட்டில் 70 வாட் என்றால், அது இழுப்பது கால் ஆம்பியருக்குச் சற்று அதிகம். ரேடியேட்டர் விசிறி 100 வாட் என்றாலே 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுற்றத் தொடங்கும் நொடியில் அதைப்போல் சில மடங்கு. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், ஒயரைச் சுட வைப்பது ஆம்பியர்தான். மேலும் வீட்டுச் சுவிட்ச் ஏசி மின்சாரத்துக்குச் செய்தது. பாட்டரியின் டிசி மின்சாரத்தை அது துண்டிக்கும்போது உள்ளே தீப்பொறி நீண்டு நின்று, தொடும் முனைகளைத் தின்றுவிடும். முனை கறுத்தால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் உருகும்.

இதற்காகத்தான் ரிலே. முதலாளி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் குடோனில் ஆள் மூட்டையைத் தூக்குகிறான் அல்லவா? சுவிட்ச் சீட்டு, ரிலே அந்த ஆள். ரிலேயின் காயிலுக்குப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சுவிட்ச் அதற்குப் போதும். விசிறிக்குப் போகும் பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து ரிலே வழியாக மட்டுமே போகும், டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வராது.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் நான்கு கால் ரிலே கேட்டால் கிடைக்கும். கால்களில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். 30-க்குப் பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர். 87-லிருந்து விசிறி மோட்டாருக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர். இதை மறந்து நேராகப் பாட்டரியில் கொடுத்துவிட்டால், சுவிட்சைப் போட்டபடி இரவில் வண்டியை நிறுத்திய அன்று காலையில் பாட்டரி இறங்கியிருக்கும். 85 தெர்மோ சுவிட்ச் வழியாகப் பாடி எர்த்துக்குப் போகும். அதே 85-லிருந்து இன்னொரு ஒயர் எடுத்து, நம் கைச் சுவிட்ச் வழியாகப் பாடி எர்த்தில் சேர்க்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே இப்படி ரிலே இருந்தால் வேலை இன்னும் சுலபம், கைச் சுவிட்சுக்கு இரண்டு ஒயர் மட்டும் இழுத்தால் போதும்.

எங்களுடையது போன்ற சில பழைய வண்டிகளில் ரிலேயே இராது. மோட்டாரின் முழு மின்சாரமும் தெர்மோ சுவிட்ச் வழியாகவே எர்த்துக்குப் போகும். அங்கே கைச் சுவிட்சை நேராகப் பக்கத்தில் சேர்த்தால் மறுபடியும் எட்டு ஆம்பியர் அதன் தலையில்தான். புது ரிலே ஒன்று வாங்கி, முன்சொன்னபடி முழுவதையும் மாற்றி அமைத்துவிடுவதே மேல்.

ஃபியூஸ் பாட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் நைந்து பாடியைத் தொட்டால், அதைத் தடுக்க யாரும் இல்லை. சிறு வேன் விசிறிக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் வழக்கம். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. மோட்டார் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், சுவிட்ச் ஒயர் அதில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவதோ, கம்பி முறுக்கி வைப்பதோ நம் கடைகளில் பார்க்கிற வழக்கம்தான். வண்டியில் அதைச் செய்ய வேண்டாம். மோட்டாரின் புஷ் தேய்ந்து இறுகிப்போனால்தான் பெரும்பாலும் அப்படிப் போகும்.

ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் விசிறி தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், காற்றும் வரும், ஆனால் எதிர்ப்பக்கம். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறி முன்பக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஒரு பில் காகிதத்தை ரேடியேட்டரின் முன்னால் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து வந்தால் ஒயரை மாற்றுங்கள். பிறகு கைச் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓட விட்டு, தெர்மோ சுவிட்ச் தானாக விசிறியைப் போடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று பணம் கொடுக்காதீர்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு வைப்பதானால் 87-லிருந்து எடுங்கள், விசிறிக்கு மின்சாரம் போகிறதா என்பது தெரியும். விசிறி உண்மையில் சுற்றுகிறதா என்பதை எந்த விளக்கும் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் முள் ஏறுகிறதென்றால் குறை விசிறியில் இல்லை. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வால்வு, ரேடியேட்டர் மூடி என்று பார்க்க வேண்டும். மூடி சாதாரண மூடி அல்ல, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120-க்குப் பக்கம் வரை தாங்குகிறது. சூட்டோடு அதைத் திறந்தால் குக்கரைத் திறந்த கதைதான், முகம் வெந்துவிடும். நம் மாவட்டத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. நம் போர் தண்ணீரின் லட்சணம் நமக்குத் தெரியும். ஃபுளோரைடினால் பல் கறுத்த கதைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது? அதே தண்ணீரில் சுண்ணாம்பு உப்பும் உண்டு. அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவது போல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து ஊற்றுவதே முறை. அவசரத்துக்கு வழியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், ஊர் வந்ததும் இறக்கி மாற்றிவிடுங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளில் விசிறியை நடத்துவது பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டர். சென்சார் ஒயரில் நாம் கை வைத்தால் கம்ப்யூட்டர் தவறாகக் கணக்குப் போடும், டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும், வாரண்டியும் கேள்விக்குறியாகும். அத்தகைய வண்டியில் விசிறி ஓடவில்லை என்றால் கம்பெனி சர்வீஸில் காட்டுவதே நல்லது. இங்கே சொன்னதெல்லாம் பழைய வண்டிகளுக்கு.

எங்கள் வேனில் இப்போது சுவிட்ச் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. அதன்மேல் 'விசிறி' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். யார் சாவியை வாங்கினாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம். ஏற்றம் முடிந்து நல்லம்பள்ளி தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் அணைத்துவிடுவது வழக்கம். கடை வாசலில் நிறுத்தும்போது சூடு அதிகமாக இருந்தால், இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓட விட்டு, முள் இறங்கிய பிறகு சாவியை எடுக்கிறோம். மூட்டை இறக்க ஆள் வருவதற்கும் அந்த நேரம் ஆகிவிடுகிறது.