கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போகிறோம். இதுவரை பஸ்தான், ரயிலில் ராத்திரிப் பயணம் இதுவே முதல் தடவை. எஸ்5 பெட்டியில் 34, 35 கிடைத்திருக்கிறது. அவருக்கு வயது 63, இரண்டு முழங்காலிலும் வலி. மூட்டை முடிச்சும் நிறைய. எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, உங்கள் 34 மிடில், 35 அப்பர். அப்பருக்கு ஓரத்துக் கம்பிகளில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகவே ஆகாது, மிடிலும் சிரமம். உங்கள் தடுப்பில் 33, 36 இரண்டும் லோயர், 39 சைடு லோயர். ஏறியதும் முதல் வேலையாக அந்த மூன்று பேரிடமும் பேசுங்கள். யாராவது படுத்திருந்தாலும் தயங்க வேண்டாம். "தம்பி, இவருக்கு முட்டி வலி, மேலே ஏற முடியாது, கீழே குடுத்தா புண்ணியமாப் போகும்" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் எழுந்து கொடுத்துவிடுவார். கிடைக்காவிட்டால் டிடிஆரிடம் சொல்லுங்கள். லோயர் ஏதாவது காலியாக இருந்தால் முதியவருக்கு அவர் ஒதுக்கித் தரலாம்.

திரும்பி வரும் டிக்கெட்டிலாவது இந்தக் கவலை வேண்டாம். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் லோயரில் தனி ஒதுக்கீடு உண்டு. வயதைச் சரியாகப் போட்டு, ஆன்லைனில் 'ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற கட்டத்தையும் டிக் செய்யச் சொல்லுங்கள். இப்போது டிக்கெட் எடுத்தவர் இதைக் கவனித்திருக்கலாம்.

நீங்கள் மிடிலில் படுப்பதாக வைத்துக்கொள்வோம். பகலில் அது கீழ் சீட்டின் சாய்மானம். அதைத் தூக்கி, மேலிருந்து தொங்கும் இரண்டு சங்கிலிகளிலும் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு இரண்டு கொக்கியும் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். 35-ல் படுப்பவரையும் அவருடைய சங்கிலியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஜூனில் எர்ணாகுளத்திலிருந்து டெல்லி போன வண்டியில் மேல் படுக்கை விழுந்து, கீழே படுத்திருந்தவர் இறந்துபோனார். சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்று ரயில்வே சொன்னது. மிடிலை விரிக்க இரவு 10 முதல் காலை 6 வரை உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னால் என்றால் கீழே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியில் வண்டி அதிக நேரம் நிற்காது. எஸ்5 எங்கே வரும் என்று பிளாட்பாரத்துப் பலகையில் முன்னதாகவே பார்த்து, அங்கேயே போய் நில்லுங்கள். கடலைமிட்டாய்க்கு ஒரு பை, பிரசவ லேகியத்துக்கு ஒரு பை என்று வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் அடக்குங்கள். லோயருக்கு அடியில் தள்ளி, அங்கிருக்கும் வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். நகை, பணம், மாத்திரை, ஆதார் அட்டை ஒரு சின்னப் பையில் தலைமாட்டில் இருக்கட்டும். லோயரில் படுப்பவர் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுப்பது நல்லது. வண்டி மெதுவாகும் இடங்களில் வெளியிலிருந்து கை விட்டுப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஷட்டர் சட்டென்று விழும், விரல் பத்திரம்.

ஸ்லீப்பர் டிக்கெட்டோடு போர்வை, தலையணை வராது. கொண்டுபோங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். போனை வீட்டிலேயே முழுதாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் இரவு 11 முதல் காலை 5 வரை பிளக்குக்கு மின்சாரம் வராது. உங்கள் கணவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் பெட்டியின் எந்தக் கோடியில் இருக்கிறது என்று படுப்பதற்கு முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.

காலையில் செங்கல்பட்டு வந்ததும் எழுந்து பூட்டைத் திறந்து தயாராகலாம். அடுத்து தாம்பரம், முடிவில் எழும்பூர். மகள் வீடு தாம்பரம் பக்கம் என்றால் அங்கேயே இறங்கிவிடுவது மேல். எழும்பூர் என்றால் அவசரமே வேண்டாம், அதுதான் கடைசி நிலையம். கூட்டம் முழுக்க இறங்கட்டும். மருமகனை பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு எஸ்5 வாசலுக்கே வரச் சொல்லிவிடுங்கள். பைகளை அவர் வாங்கி வைத்த பிறகு உங்கள் கணவர் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கட்டும்.