வாட்டைக் கேட்பவருக்கு வயரைக் காட்டுங்கள்

“தம்பி, ஆயிரம் வாட் ஒண்டு போட ஏலுமா?” வண்டிக்கு ஓடியோ செற் போட வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். ஏலும் என்று சொல்லி முற்பணம் வாங்குவது லேசு. “என்ன வாகனம் அண்ணே, ஆர் ஏறுறவங்க, ஹயர் ஓடுறதா, வீட்டுப் பாவனையா?” என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார். செற்றை ஒன்லைனிலும் வாங்கலாம், திருகோணமலைக் கடைகளிலும் வாங்கலாம். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று சொல்லி, அதைப் பழுதில்லாமல் பூட்டித் தரும் ஆளைத்தான் காண்பது அரிது. சம்பூரிலோ மூதூரிலோ இருந்துகொண்டு இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

சம்பூர் போரால் 2006இல் இடம்பெயர்ந்து, நிலம் கட்டங்கட்டமாக விடுபட்ட 2015க்கும் 2016க்கும் இடையில் திரும்பிவந்த ஊர். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது வேலை தேடும் வயது. கடலும் வயலும் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் கட்டுமான வேலை தொடக்கிவைக்கப்பட்ட சூரிய மின்நிலையத் திட்டமும் இருக்கிறது. ஆனால் அப்படியொரு நிலையத்தில் ஆள் கூடுதலாகத் தேவைப்படுவது கட்டும் காலத்தில்தான். வாகன ஓடியோ வேலைக்குப் பெரிய கடையோ பெரிய முதலோ வேண்டாம். ஒரு மோட்டார்சைக்கிளும் கருவிப் பையும் போதும். சம்பூர் வண்டிகளை மட்டும் நம்பினால் வயிறு நிறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, கிண்ணியா எல்லாம் சேர்ந்துதான் உங்கள் சந்தை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு உங்கள் வாடிக்கையாளருக்கும் திருகோணமலை கிட்டத்தான். பாலம் தாண்டிப் போகாமல் அவர் உங்களிடம் வர ஒரு காரணம் வேண்டும்.

காலமும் தோதாக இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசாங்கம் தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்துவிட்டது. திறந்த பிறகும் விலை எட்டாத உயரத்தில். ஆகவே இருக்கிற வேகன் ஆர், விட்ஸ், அக்குவா, டொல்பின் வான் எதையும் மக்கள் விற்பதாயில்லை. உள்ளே புதிதாக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

முதல் பாடம் வாட் கணக்கு. பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சடித்திருக்கும். அது கண் இமைக்கும் நேரத்துக்கான உச்சக் கணக்கு. வண்டிப் பற்றரியின் 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண செற், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ந்து கொடுப்பது 18, 20 வாட் அளவில்தான். வாடிக்கையாளருக்கு இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு. வாட்டை இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாட் ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை விட்டுவிட்டு உணர்திறன் என்ற எண்ணைத் தேடுங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 92 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், அதே செற் நான்கு மடங்கு வாட் கூடியதுபோலக் கேட்கும். தனி அம்பிளிபயர் (அம்ப்) வாங்கும் செலவே மிச்சமாகலாம். செலவைக் குறைத்துக் கொடுத்த ஆளை எந்த வாடிக்கையாளரும் மறக்கமாட்டார்.

அம்ப் வேண்டும் என்றே நிற்பவர் வந்தால் வயரில் கவனம். 400 வாட் அம்ப் முழுவீச்சில் ஓடும்போது 35 அம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு பிளக் பொயின்றுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை பொனற்றிலிருந்து டிக்கிவரை 5 மீற்றர் ஓட்டினால், ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே தொலையும், வயரும் சுடும். 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் தொலைவது 0.2 வோல்ட்தான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த வயர்கள் பல செம்பு பூசிய அலுமினியம். பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அதுதான். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தான் அது கடத்தும், கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். மெயின் பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். பியூஸ் காப்பாற்றுவது அம்பை அல்ல, வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் எங்காவது உரசி பொடியில் பட்டால் அந்தத் துண்டுக்குக் காவல் இல்லை, வண்டி எரியும். ஆகவே அந்தத் துண்டு எவ்வளவுக்குக் குறுகியதோ அவ்வளவுக்கு நல்லது.

இனி நம்முடைய நாட்டுக்கே உரிய தலையிடி: ஜப்பான் பாவித்த வாகனங்கள். ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய செற்களில் 90 உடன் முடிந்துவிடும். நம் நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில். சூரியனும் சக்தியும் கேட்கவில்லை என்று வருகிறவரிடம் ‘பாண்ட் எக்ஸ்பாண்டர்’ என்ற சின்னப் பெட்டியை விற்பார்கள். அன்ரெனா வயரின் நடுவில் பூட்டினால் அது அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும். வேலை செய்யும்தான், ஆனால் திரையில் தெரியும் எண் ஒன்று, நிலையத்தின் எண் வேறொன்று. எல்லா நிலையமும் பிடிபடாது, இரைச்சலும் கூடும். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டுக் கேட்கிற இளைஞருக்கு அதுவே போதும். தினமும் தென்றல் கேட்டுப் பழகிய பெரியவருக்குச் செற்றை மாற்றிக் கொடுப்பதுதான் முறை. அந்த ஜப்பான் செற்களின் ரீவி ரியூனரும் இங்கே எதையும் காட்டாது. அதைத் திறந்து தருவதாகச் சொல்லிக் காசு வாங்காதீர்கள்.

ரொயோட்டாவில் இன்னொரு பொறி இருக்கிறது. அதன் ஜப்பான் நவிகேஷன் செற்கள் பல, பற்றரியைக் கழற்றி மாட்டியதும் வரைபட எஸ்டி காட்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கொழும்பில் வண்டி கைமாறும்போதே அந்தக் காட் காணாமல் போயிருக்கும். நீங்கள் பற்றரி வயரில் கை வைக்கமுன் காட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் கழற்றினால், ஏற்கனவே காணாமல் போன காட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பாளி.

அளவு எடுக்காமல் செற் வாங்கச் சொல்லாதீர்கள். உலகப் பொது அளவு 180 மில்லிமீற்றர் அகலம். உயரம் 50 அல்லது 100. ரொயோட்டாவின் துவாரம் பலவற்றில் 200 அகலம். 180 செற்றைப் போட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அதற்கென்றே பக்கத் துண்டுகள் விற்கிறார்கள், கார்ட்போட் வெட்டிச் செருகவேண்டியதில்லை. கதவு ஸ்பீக்கரில் வட்டத்தின் அளவோடு காந்தத்தின் ஆழமும் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளக்கவேண்டும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாரி மழை பிடித்ததும் அந்தக் கதவின் ஸ்பீக்கர் ஊறிப்போகும். தாளைத் திரும்ப ஒட்டுங்கள், எங்கள் பக்கத்துக்குக் காகிதக் கோன் வேண்டாம், பொலிபுரொப்பிலீன் கோன் எடுங்கள்.

திரை விஷயத்துக்கு வருவோம். ‘அண்ட்ரொயிட் செற்’ வேண்டும் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அண்ட்ரொயிட் ஒட்டோ. முதலாவது, செற்றுக்குள்ளேயே ஒரு மலிவு ரப்லட் இருப்பதைப் போல. வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சூடேறித் திணறும், இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். இரண்டாவதில் மூளை வாடிக்கையாளரின் போன். திரை மட்டும் செற். போன் மாறினால் செற்றும் புதிதானதுபோல. ஐபோன்காரருக்கு கார்ப்ளே. பெயர்பெற்ற கம்பனியின் நடுத்தர செற் ஒன்றை, அது பயனியரோ கென்வுட்டோ சொனியோ, பெரிய திரை போட்ட பெயரில்லாத செற்றைவிட எப்போதும் நான் விரும்புவேன். இரண்டு அங்குலத் திரை குறைந்ததற்காக ஹயர் குறைந்த வான்காரரை நான் கண்டதில்லை.

ஓட்டுநர் கண்ணுக்கு முன்னால் ஓடும் படம் வேறு கதை. செற்றில் ஹான்ட்பிறேக் வயர் என்று ஒன்று வரும்; பிறேக் இழுத்திருந்தால்தான் வீடியோ ஓடும். அந்த வயரைப் பொடியில் பூட்டி ஏமாற்றிவிடச் சொல்லிக் கேட்பார்கள். செய்யாதீர்கள். ஏ15 வீதியில் இரவில் மாடு குறுக்கே வருவதைக் கண்டவர் யாரும் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார். நல்லூருக்கும் மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் நீண்ட ஹயர் ஓடும் வானில் பயணிகளுக்குப் படம் வேண்டும் என்றால், கூரையில் மடங்கும் திரையைப் பின்வரிசைக்குப் போட்டுக் கொடுங்கள். அதே காசில் ரிவர்ஸ் கமராவையும் பேசி முடியுங்கள். பள்ளிக்கூட வான் ஓடுபவருக்கு வூஃபருக்கு முன் கமரா என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வாங்கமுன் செற் எந்தவகைச் சமிக்ஞையை ஏற்கிறது என்று பாருங்கள்: ஏஎச்டி கமராவைப் பழைய அனலாக் செற்றில் மாட்டினால் திரையில் படம் வராது. டாஷ் கமரா எடுத்தால் உள்ளே லிதியம் பற்றரி இல்லாமல் கப்பாசிற்றர் உள்ளதை எடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயிலை அது தாங்கும்.

ஓட்டோவுக்கு வேறு கணக்கு. மின்னாக்கி சின்னது, பக்கம் திறந்தது, காற்றும் கடல் ஈரமும் நேராக உள்ளே. படகுகளுக்கென்று வரும் நீர்தாங்கும் ஸ்பீக்கர் இரண்டும் சின்னச் செற் ஒன்றும் தாராளம். 2025 ஜனவரியில் பொலிஸ் மேலதிகப் பூட்டல்களையும் பல்நிற விளக்குகளையும் அதிக சத்தம் போடும் ஹோர்ன்களையும் கழற்ற வைத்ததை ஓட்டோக்காரர் மறந்திருக்கமாட்டார். வழியில் கழற்றவேண்டி வரும் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தால் ஏச்சு உங்களுக்குத்தான்.

ஹயர் ஓடுபவருக்கு வண்டிதான் வேலைத்தலம் என்பதால் காதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு 85 டெசிபலில் 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2. போனில் இலவசச் சத்தமானி ஒன்றை இறக்கி, ஓட்டுநர் ஆசனத்தில் வைத்துக் காட்டுங்கள். சரியான அளவுகோல் இல்லைதான், ஆனாலும் வால்யூமைத் தானாகவே குறைப்பார்கள்.

உங்கள் உயிருக்கான இரண்டு நிறங்களும் உண்டு. மஞ்சள் உறையும் மஞ்சள் கொனக்டரும் எயார்பாக்குக்கு உரியவை. ஸ்ரேரிங் பக்கமோ டாஷ்போர்டோ திறக்கமுன் பற்றரியின் மைனஸைக் கழற்றி ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்திருங்கள். பழைய பல்ப் ரெஸ்ரரை வீட்டில் வையுங்கள், மல்ரிமீற்றர் பாவியுங்கள். செம்மஞ்சள் வயர் ஹைபிரிட் வாகனத்தின் உயர் அழுத்தம். அக்குவாவின் பற்றரி மட்டும் 144 வோல்ட், பிரியஸில் 200க்கு மேல். அதன் பக்கமாகக்கூட உங்கள் வயரை ஓட்டாதீர்கள். அக்குவாவிலும் பிரியஸிலும் உள்ள 12 வோல்ட் பற்றரி சின்னது. வண்டி நிற்கும்போது அம்ப் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தால், காலையில் வண்டி ‘ரெடி’ ஆகாது. பூட்டி முடித்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மில்லி அம்பியரில் அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வேலை எங்கே பழகுவது? கராஜில் ஒரு வயரிங் பாஸிடம் நிற்பது முதல் வழி, இன்றைக்கும் நல்ல வழி. கூடவே காகிதமும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மொறட்டுவையில் பழைய ஜேர்மன் ரெக். இரண்டிலும் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் நைற்றாவிலும் விசாரியுங்கள். ஏற்கனவே கராஜில் சில வருடம் வேலை செய்தவர் திரும்பவும் வகுப்பில் குந்தவேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளருக்கு முன்னால் வேலையைச் செய்துகாட்டி என்விகியூ சான்றிதழ் எடுக்கலாம். கட்டாருக்கோ டுபாய்க்கோ போக நினைத்தால் அந்தத் தாள் கையில் இருப்பது நல்லது.

அந்த மதிப்பீட்டுக்கு இன்றிலிருந்தே சேர்க்கவேண்டியது சான்றுகள். பூட்டிய ஒவ்வொரு வண்டியிலும் பனல் மூடமுன் வயர் ஓடிய விதத்தைப் படமெடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் வாகன மொடல், செற், வயரின் தடிப்பு, பியூஸ் அளவு, திகதி எழுதுங்கள். பில்லில் பொருள் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். உத்தரவாதம் எவ்வளவு காலம், எதற்கு என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு மூதூர்ப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கடை போடுவதாக இருந்தால் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரம் வேறு. சான்றிதழுக்கு மதிப்பீட்டாளர் வரும்போது அந்தக் கொப்பியையும் படங்களையும் மேசையில் வைத்துவிட்டு, மல்ரிமீற்றரைக் கையில் எடுங்கள்.