தண்டமும் இன்சூரன்சும்: சல்லிப் பக்கத்து நம்பிக்கைகள்

"பொலிஸ் தண்டம் எழுதினால் அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் காசு ஏறும்." திருகோணமலையின் சல்லி, சாம்பல்தீவு, அலஸ்தோட்டம் பக்கங்களில் இதை அடித்துச் சொல்கிறவர்களை விசாரித்துப் பாருங்கள். அநேகமாக அவர்களுக்குக் கனடாவில் ஸ்காபரோவிலோ பிரித்தானியாவில் ஹரோவிலோ ஒரு தம்பியோ மச்சானோ இருப்பார். செய்தி அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அங்கே அது உண்மை. இங்கே இல்லை.

ஒன்ராறியோவில் வேகத்துக்கு டிக்கெட் வாங்கியவர் பேசாமல் காசைக் கட்டிவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அது சாரதியின் பதிவில் ஏறும். காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக மூன்று வருடம் வரை அதைப் பார்த்து விலை வைக்கும். அங்குள்ள நம்மவர்களிடமும் ஒரு பிழையான நம்பிக்கை உண்டு: புள்ளி விழாவிட்டால் இன்சூரன்ஸ் ஏறாது என்பது. வேக எல்லையை 15 கிலோமீற்றருக்குள் தாண்டினால் புள்ளி விழாதுதான்; குற்றத்தீர்ப்பு பதிவாகும், நிறுவனம் பார்ப்பதும் அதைத்தான். பிரித்தானியாவில் சின்ன வேகக் குற்றத்துக்கு 100 பவுண் தண்டமும் 3 புள்ளிகளும்; அந்தப் புள்ளிகள் நான்கு வருடம் லைசனில் கிடக்கும். ஆகவே மச்சான் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நிலாவெளி வீதிக்கு இறக்குமதி செய்வதில்தான் நியாயமில்லை.

இங்கே நடப்பது வேறு. உப்புவெளியில் மறித்த பொலிஸ் உத்தியோகத்தர் தண்டப் பத்திரம் எழுதுவார், லைசனை வாங்கி வைத்துக்கொள்வார். நின்ற இடத்திலேயே கட்டாவிட்டால், தபாற் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனை மீட்க வேண்டும். 2018இல் திருத்திய தண்டப் பட்டியலின்படி வேக எல்லையை 20 வீதத்துக்குள் தாண்டியவருக்கு 3,000 ரூபா. ஊர்மனைக்குள் 50 என்ற எல்லையில் 60இல் போன கார்க்காரர் இந்தக் கணக்கில் அடங்குவார். கட்டி முடித்தால் வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு யாரும் கடிதம் போடுவதுமில்லை.

அப்படியானால் கட்டுப்பணம் எதை வைத்து முடிவாகிறது? வாகனத்தின் பெறுமதி, வகை, சொந்தப் பாவனையா வாடகைக்கா என்பது, முந்தைய கிளெய்ம்கள். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுக்கப் போனால், ஓடுகிறவர் எத்தனை தண்டம் வாங்கினவர் என்று யாரும் கேட்பதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, தண்டப் பத்திரத்தைச் சேர்ட் பொக்கற்றில் மடித்து வைத்து மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து அந்த மடிப்புக்குள்தான். அந்தத் தாள்தான் லைசன் கையில் இல்லாத நாட்களில் உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். அது 14 நாளைக்குத்தான். 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பு, 28 நாளும் கடந்தால் வழக்கு. பதினைந்தாம் நாள் சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒருவரை இடித்துவிட்டால், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடியவராக நிற்பீர்கள். முழுக் காப்புறுதி எடுத்தவரின் ஒப்பந்தத்திலும் 'செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஓட்டினால்' என்ற நிபந்தனை இருக்கும். லட்சக்கணக்கான நட்டஈடு கைநழுவ அந்த ஒரு வரி போதும்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கொழும்புக்குப் போகிற வழியில் ஹபரணையிலோ குருநாகலிலோ பிடிபட்டவர் லைசனுக்காக அந்தப் பொலிஸ் நிலையத்துக்கே மறுபடி போகவேண்டியிருந்தது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் தண்டத்தையே மிஞ்சும். இந்தச் சள்ளையைக் குறைக்கத்தான் 2025 ஏப்ரலில், குருநாகலிலிருந்து அனுராதபுரம் வரையான வழியில், கவ்பே என்ற அரச இணையக் கட்டண முறை மூலம் தண்டத்தை நின்ற இடத்திலேயே கட்டி லைசனை வாங்கிக்கொள்ளும் முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகு மற்றப் பகுதிகளுக்கும் விரித்தார்கள். நல்ல காரியம், இன்னும் முன்பே வந்திருக்கலாம்.

"கையில ஒண்டை வச்சு அமத்திவிட்டால் பதிவு வராது" என்ற ஆலோசனையும், தண்டம் இன்சூரன்சை ஏற்றும் என்ற நம்பிக்கையின் பிள்ளைதான். இல்லாத பதிவுக்குப் பயந்து, இருக்கிற குற்றத்தைச் செய்யச் சொல்கிறார்கள். லஞ்சம் வாங்குகிறவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி.

புள்ளி முறை இங்கும் வருமாமே என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2009 திருத்தத்தோடு வந்த யோசனை அது. 24 புள்ளி சேர்ந்தால் லைசன் இடைநிறுத்தம் என்று அதன்பின் பல தடவை அறிவித்தார்கள். ஆனால் அது லைசனைப் பற்றிய பேச்சு, இன்சூரன்சைப் பற்றியது அல்ல. இரண்டையும் முடிச்சுப் போடும் யோசனை பக்கத்து நாட்டில் எழுந்தது. இந்தியக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று 2021 ஜனவரியில், போக்குவரத்து விதிமீறல்களுக்குத் தனிக் கட்டுப்பணம் வைக்கலாம், டில்லியில் தொடங்கிப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

கட்டுப்பணத்தை உண்மையில் ஏற்றுவது கிளெய்ம். கிளெய்ம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் முழுக் காப்புறுதிக்காரருக்குக் கழிவு கூடிக்கொண்டு போகும். நோ கிளெய்ம் போனஸ் என்பது அதுதான். பேச்சுக்கு, 80,000 ரூபா கட்டுப்பணத்தில் பாதி கழிவாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். கோயில் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பரில் விழுந்த கீறலுக்கு 12,000 ரூபா கிளெய்ம் பண்ணினால், அடுத்த வருடக் கழிவில் அதைவிடப் பெரிய தொகை போய்விடலாம். தண்டத்துக்கு நித்திரையில்லாமல் கிடந்தவரே இந்தக் கிளெய்முக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். கையெழுத்துப் போட முன் ஏஜென்டிடம் போனஸ் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஸ்காபரோ மச்சானைப் பற்றி. சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து, ஊரில் யாருடைய மோட்டார் சைக்கிளையாவது எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போவார். கனடா லைசன் மட்டும் இருந்தால் இங்கே ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டுவந்து இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரம் பெறவேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிக்குக் கருமபீடம் இருக்கிறது; மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே கொடுக்கிறார்களா என்று முதலே விசாரிக்க வேண்டும். சைக்கிளின் இன்சூரன்ஸ் எழுதப்பட்டிருப்பது அதன் சொந்தக்காரர் பெயரில். திறப்பைக் கொடுக்க முன் மச்சானிடம் அந்தத் தாளை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.