சுடர் அணையும் நேரம்

கேள்வி: நன்கு கலக்கப்பட்ட உலையில் மீத்தேன் எரிவதைக் கான்டெரா என்ற மென்பொருளில் கணக்கிடுகிறேன். தங்கல் நேரத்தை, அதாவது வாயு உலைக்குள் தங்கும் நேரத்தை, எவ்வளவு கூட்டினாலும் பற்றவே மாட்டேன் என்கிறது. அணையும் நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குளிர்ந்த வாயுவில் தொடங்கியிருப்பீர்கள். ஒரே தங்கல் நேரத்துக்கு எரியும் விடை, எரியாத விடை இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எது கைக்கு வரும் என்பது தொடங்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே எரிந்து சமநிலை அடைந்த வாயுவால் உலையை நிரப்பித் தொடங்குங்கள். பிறகு தங்கல் நேரத்தை ஒவ்வொரு படியிலும் 10 சதவீதம் குறைத்து, முந்தைய விடையிலிருந்தே அடுத்ததைத் தேடுங்கள். வெப்பநிலை மெல்ல இறங்கிவந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று, உள்ளே வரும் வாயுவின் வெப்பநிலைக்கு விழும். அந்த வீழ்ச்சி நிகழும் தங்கல் நேரமே அணையும் நேரம். அதைத் துல்லியமாக அறிய, அங்கே படியைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டுங்கள். உள்வரும் ஓட்டத்தை, உலையிலுள்ள நிறையைத் தங்கல் நேரத்தால் வகுத்தே கொடுங்கள்.