கேள்விக் கொப்பியிலிருந்து இணையத்தளம் வரை: ஊவா மலையக நூலகருக்கு ஒரு வழிகாட்டி

நமுனுகுல மலையடித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் பசறைக்கோ பதுளைக்கோ வந்து நூலகத்தில் ஒரு விபரம் கேட்கிறார் என்றால், பெரும்பாலும் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. தோட்டத்தில் நேரம் என்பது சம்பளம். உசாத்துணைப் பகுதியைப் புதுப்பிக்கும் வேலையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரதேச சபையில் இணையத்தளப் பேச்சு எழுந்தவுடன் "எந்த மென்பொருள்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, கேட்ட கேள்வி, பதில் எங்கே கிடைத்தது, கிடைக்காவிட்டால் எங்கே அனுப்பினோம் என்று நான்கு பத்திகள் போதும். கேட்டவரின் பெயர் வேண்டாம். கேள்வியை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். "ஈபிஎஃப் காசு எடுக்க என்ன போம்?" என்று கேட்டால் அப்படியே எழுத வேண்டும், அதை "ஊழியர் சேமலாப நிதி மீளப்பெறல்" என்று திருத்தி எழுதினால் பயனில்லை. நாளை அவருடைய மகள் கைத்தொலைபேசியில் தேடப்போவதும் அதே சொல்லைத்தான். இரண்டு மூன்று மாதத்தில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வந்த வேலைவாய்ப்பு, சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள், பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவு பாதுகாப்பானதா என்ற பயம் ஆகியவை நம் பகுதியில் கட்டாயம் இருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைத் தமிழில் எங்கே பார்ப்பது என்பதும் நூலகர் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டிய பதில்தான்.

அடுத்தது பதில் தாள். அடிக்கடி வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். சேமலாப நிதியையே எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த நிதி அது. தொழிலாளி 8 வீதம், நிர்வாகம் 12 வீதம் கட்டவேண்டும். நம்பிக்கை நிதியான ஈடிஎஃப் வேறு: 1980இல் வந்தது, நிர்வாகம் மட்டும் 3 வீதம் கட்டும். முன்னதைப் பெறத் தொழில் அலுவலகம் போகவேண்டும். பின்னதற்கு விண்ணப்பம் நம்பிக்கை நிதியச் சபைக்கு. இவ்வளவும் தாளில் இருக்கட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், வேறொன்று வரவேண்டும்: "அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் தோட்டப் பதிவிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்." பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மலையகத்தில் எத்தனையோ பேர் அலைய வேண்டியிருக்கிறது. பஸ் ஏறுவதற்கு முன்னே அது தெரிந்துவிட்டால் ஒரு நாள் பேர் மிச்சம். தாளின் அடியில் விபரம் கடைசியாகச் சரிபார்த்த திகதியை எழுதுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம் என்பதையும் சேருங்கள்.

தாளை யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் அலுவலகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் விடைபெறவில்லை. பாமினியில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாது. அறிவித்தலைப் படமாகப் போட்டாலும் அநேகமாக இதே கதி. சோதிப்பது சுலபம்: ஒரு வரியைப் பிரதி எடுத்துக் கைத்தொலைபேசியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், தமிழாகவே நின்றால் சரி. ஊர்ப் பெயர்களை வழக்கிலுள்ள எல்லா வடிவங்களிலும் எழுதுங்கள். நமுனுகுல என்பவரும் உண்டு, நமுனுகுலை என்பவரும் உண்டு. தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பனிப் பெயர் இன்னொன்று; இரண்டும் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இப்போது மென்பொருளுக்கு வரலாம். நூற்பட்டியல் ஒரு வேலை, இணையத்தளம் இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பணம் விரயமாகும். பட்டியலுக்குக் கோஹா நல்ல மென்பொருள். நியூசிலாந்தின் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது, இலவசம். ஆனால் அதற்கு லினக்ஸ் சேவையகமும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பல சபைகள் சேர்ந்து ஒரே சேவையகத்தை வைத்துக்கொண்டால் எடுங்கள். தனி நூலகரும் ஒரு கணினியுமாக இருந்தால், விரிதாளில் தலைப்பு, ஆசிரியர், வகுப்பெண், பதிவெண் ஆகியவற்றை ஒழுங்காக ஏற்றுங்கள். பின்னாளில் கோஹாவுக்கு மாற்ற அது உதவும்.

தளத்துக்கு என் தேர்வு வேர்ட்பிரஸ். கடிதம் தட்டத் தெரிந்த எவரும் பக்கம் போடலாம், இடைமுகம் தமிழிலும் உண்டு, பதுளையில் உதவிக்கு ஆள் தேடுவதும் கடினமல்ல. விக்கிப்பீடியாவும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கியில் ஓடுகின்றன. பலர் சேர்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதும் திட்டமென்றால் அதை யோசிக்கலாம். எதை எடுத்தாலும், தளம் செய்து தருபவரிடம் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நாளை நாங்கள் விலகினால் எங்கள் பக்கங்கள் முழுவதையும் கோப்பாகத் தருவீர்களா? இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். தள முகவரி சபையின் பெயரில் பதிவாகட்டும். கடவுச்சொல் சபையின் அலுவலக மின்னஞ்சலோடு இருக்கட்டும். நூலகருக்கு இடமாற்றம் வந்தாலும் தளம் நிற்காது. முடிந்ததும் அலுவலகக் கணினியில் பார்த்துத் திருப்தி அடையாமல், சிக்னல் குறைந்த லயத்துக்குப் போய் மலிவான கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். படங்கள் திறக்க நேரமெடுத்தால் படங்களைக் கழற்றிவிடுங்கள்.

மலையகத்தைப் பற்றிய பழைய நூல்களையும் இதழ்களையும் 2005இலிருந்து நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்துவருகிறது. அங்கே இருப்பதை மீண்டும் ஸ்கேன் செய்யவேண்டாம். இணைப்புக் கொடுத்தால் போதும். பதுளை மண்ணில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பைப் பற்றி ஒரு மாணவி கேட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் கை பட வேண்டியவை பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம் போன்றவை. இவை வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. உரியவரிடம் அனுமதி வாங்கி ஸ்கேன் செய்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் இலக்கம் ஒன்றை நூலகத்துக்கென்று தனியாக எடுத்தால், ஊருக்கு இறங்க முடியாதவர்களும் கேட்பார்கள். கேள்வியோடு அடையாள அட்டைப் படமும் வங்கிப் புத்தகப் படமும் வந்து சேரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அவை பிறர் உடைமை. பதில் அனுப்பிய அன்றே தொலைபேசியிலும் கணினியிலும் அவற்றை அழியுங்கள், கணினியின் குப்பைக் கூடையையும் சேர்த்து.