செய்தி கேட்டுக் கலங்கும் உள்ளம்

மாலைச் செபமாலை முடிந்து, சாப்பாடும் முடிந்து, குடும்பத்தார் ஒன்றாக அமரும் நேரத்தில் இப்போது அநேக வீடுகளில் நடப்பது என்ன? தொலைக்காட்சியில் யுத்தம், கைப்பேசியில் வெள்ளம், நடுநடுவே விலைவாசி, பஞ்சம், பூமி சூடேறிப் போகிறதென்ற எச்சரிப்பு. தாத்தா பெருமூச்சு விடுகிறார். தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பிறகு எல்லாரும் படுக்கப் போகிறார்கள், தூக்கந்தான் வருவதில்லை. "செய்தியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, பாராமல் இருந்தால் மனச்சாட்சி குத்துகிறது, நான் என்ன செய்ய?" என்று கேட்பவர்கள் நம் பங்கிலேயே உண்டு. இவ்வாரப் பாடம் அவர்களுக்காகவே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்தக் கலக்கம் பாவமுமன்று, விசுவாசக் குறைவுமன்று. அடுத்தவன் வீடு எரிவதைக் கண்டு ஒன்றும் தோன்றாதவனுக்கே வைத்தியம் அவசியம். ஆனால் நல்ல மனத்திலிருந்து பிறந்த கலக்கமாதலால் அதை எவ்வளவு வளர்த்தாலும் நன்மையே என்று எண்ணிவிடக் கூடாது. நாம் இரவெல்லாம் விழித்துக் கிடந்ததனால், போர் நடக்கும் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி கிடைத்துவிடாது. துக்கப்படுவது துன்பப்படுவோருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் என்ற எண்ணம் பலருக்கு உள்ளூர இருக்கிறது. அந்தக் கடனை அவர்கள் யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

முன்னாளில் செய்திக்கு ஓர் எல்லை இருந்தது. காலையில் பத்திரிகை, வானொலியில் பத்து நிமிடச் செய்தியறிக்கை, அது முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போவார்கள். இன்றோ கைப்பேசியை விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லை. இதனால் விளையும் கேட்டை ஓர் ஆராய்ச்சி காட்டியது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டப் பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. அடுத்த சில வாரங்களில் அலிசன் ஹோல்மன் என்ற அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் 4,675 பேரை விசாரித்தார்கள். குண்டு வெடித்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட, அந்த வாரம் தினந்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்களிடம் கடும் மனக்கலக்கத்தின் குறிகள் அதிகம் காணப்பட்டன! கலங்கும் சுபாவமுள்ளவர்களே அதிகம் பார்த்திருப்பார்கள் என்று ஒருவர் வாதாடலாம். இருக்கட்டும், பார்த்தது அவர்களைத் தேற்றவில்லை என்பதாவது தெளிவன்றோ?

அப்படியானால் செய்தியை அடியோடு விட்டுவிடலாமா? சிலர் அவ்விதம் புத்தி சொல்லுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கண்ணை மூடிக்கொள்வது இரக்கத்திற்கு மருந்தாகாது. இரக்கம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதில் உண்மையில் இரண்டு அடங்கியிருக்கின்றன; அவற்றைப் பிரித்தறிந்தால் போதும்.

ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் என்ற இரு அம்மையாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனை 2013-ல் வெளியாயிற்று. பிறர் நோவைத் தன் நோவாகவே உணரும்படி முதலில் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு துன்பக் காட்சிகளைக் காட்டியபோது அவர்கள் மனம் மிகவும் சோர்ந்து போயிற்று. அடுத்து அதே ஆட்களுக்கு வேறொரு பயிற்சி: துன்பப்படுகிறவனுக்கு நன்மையை விரும்பி, அன்போடு அவனை நினைப்பது. இப்போது அத்தகைய காட்சிகளைக் கண்டும் அவர்கள் உடைந்து போகவில்லை. அன்பும் திடமும் பெருகின. மூளையில் வேலை செய்த இடங்களுங்கூட வேறாயிருந்தன. முதல் வகையில் நம் கண் கடைசியில் நம்மேலேயே திரும்புகிறது: "ஐயோ, என்னால் தாங்க முடியவில்லையே!" இரண்டாவதில் கண் துன்பப்படுகிறவன்மேலேயே நிற்கிறது: "இவனுக்கு இப்போது என்ன வேண்டும்?"

நல்ல சமாரித்தன் உவமையை இந்தக் கண்ணோடு திரும்ப வாசித்துப் பாருங்கள். எரிக்கோவுக்குப் போகும் பாதையில் கள்ளர்களையெல்லாம் அவன் ஒழித்தான் என்று அதில் இல்லை. எண்ணெய், திராட்ச இரசம், காயக்கட்டு, ஏறிவந்த மிருகம், சத்திரம், இரண்டு வெள்ளிப் பணம், அவ்வளவே. இன்னொன்றையும் கவனியுங்கள். மறுநாள் சத்திரக்காரனிடம் ஒப்புவித்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்து போனான். காயப்பட்டவனின் படுக்கையருகே இரவும் பகலும் அழுதுகொண்டிருக்கவில்லை. திரும்பி வரும்போது மீதிக் கணக்கைத் தீர்ப்பதாகச் சொன்னான்.

நம் காலத்திலேயே இதற்கோர் அழகான உதாரணம் உண்டு. 2023 அக்டோபரில் காசாவில் யுத்தம் மூண்டபோது, அங்குள்ள ஒரே கத்தோலிக்கப் பங்காகிய திருக்குடும்ப ஆலயத்தில் சில நூறு பேர் அடைக்கலம் புகுந்தார்கள். பிரான்சிஸ் பாப்பரசர் யுத்தத்தை நிறுத்தும்படி பலமுறை வேண்டிக்கொண்டார், துப்பாக்கிகள் கேட்கவில்லை. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அந்தப் பங்கைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். எப்படியிருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பார். 2025 ஜனவரியில் ஒரு நாள் பருப்பும் கோழிக்கறியும் சாப்பிட்டதாகப் பதில் வந்தது. அதைப் பொதுச் சந்திப்பில் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். பிப்ரவரியில் தாமே வியாதியாக மருத்துவமனையில் படுத்தபோதும் அழைப்பு அடியோடு நின்றுபோகவில்லை. கடைசியாகப் பேசியது ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமையன்று. 21-ம் தேதி உயிர்நீத்தார். நூறு கோடிக்கு மேற்பட்ட கத்தோலிக்கருக்குத் தலைவர், ஒரு சிறு பங்கின் மத்தியானச் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருந்தார்! உலகத்தின் எல்லாத் துயரத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், ஓரிடத்தைப் பெயர் சொல்லிப் பற்றிக்கொண்டார்.

நம் வீட்டுக்கு வருவோம். செய்திக்கென்று அரைமணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரம் வேண்டாம். கைப்பேசி இரவில் கூடத்திலேயே தூங்கட்டும். வாட்ஸப்பில் யாரோ அனுப்பும் படங்களுக்கெல்லாம் கண்ணீர் விடவேண்டாம். அவற்றில் பல, வேறெந்த ஆண்டிலோ வேறெந்த நாட்டிலோ எடுத்தவை. இல்லாத துயரத்துக்கு அழ நமக்கு நேரமேது? பிறகு குடும்பமாகக் கலந்து பேசி ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காரியம் போதும். வாரம் ஒன்றாக மாற்றாதீர்கள். தூரதேசத்து அகதிகளாயிருக்கலாம், வாரம் இருமுறை இரத்தம் சுத்திகரிக்கப் போய்வரும் அடுத்த தெரு அண்ணாச்சியாயிருக்கலாம். அதற்கென ஓர் உண்டியல் வையுங்கள். செபமாலையில் ஒரு பத்துமணியை அந்த ஊரின் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வேலையில் கை ஓடவில்லை என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். காய்ச்சலுக்கு மருந்துண்ண வெட்கப்படாதவர்கள் மனநோய்க்கு ஏன் வெட்கப்படவேண்டும்? இந்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குண்டு விழும் காட்சியைத் தொலைக்காட்சியில் பத்துமுறை காட்டினால், சின்னப் பிள்ளைகள் பத்துக் குண்டுகள் விழுந்ததாகவே நினைத்துக்கொள்ளக்கூடும். ஆகையால் அவர்கள் அருகிலிருக்கும்போது அதை நிறுத்திவிடுங்கள். "அம்மா, அந்தச் சண்டை இங்கே வருமா?" என்று கேட்டால், ஒன்றுமில்லை போ என்று விரட்டவேண்டாம், யுத்த சரித்திரத்தை ஆதியோடந்தமாக விவரிக்கவும் வேண்டாம். முதலில் அவன் என்ன கேள்விப்பட்டான் என்று விசாரியுங்கள். அது வெகுதூரத்தில் நடக்கிறது, நீ எங்களோடு இருக்கிறாய், அங்கே அடிபட்டவர்களைத் தூக்கி எடுத்து மருந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். உண்டியலில் போட ஒரு ரூபாய் கேட்டால் கொடுங்கள். கேட்காமல் விளையாட ஓடிவிட்டானானால், ஓடட்டும்.