நரியை அடையாளம் காண்போம்

எதிர்பாராமல் நல்ல மதிப்பெண் வாங்கியவளைப் பார்த்து, "இன்று நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேலி செய்கிறோம். ஆனால் நம்முள் எத்தனை பேர் நரியின் முகத்தை நேரில் கண்டிருக்கிறோம்? கோடை விடுமுறைக்குக் கொல்லிமலையிலுள்ள மாமா வீட்டிற்குச் சென்றிருந்தபோது நரியைப் பற்றி ஆராயும் நிலை எனக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் ஒரு கோழி. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நாம் 'நரி' என்று சொல்வது உண்மையில் இரண்டு விலங்குகளை. ஒன்று அந்தி நேரத்தில் கூட்டமாக ஊளையிடுவது. ஏறக்குறைய 10 கிலோ எடையுடன், மெலிந்த நாட்டுநாய் போல் இருக்கும். நூல்களில் இதற்குப் பொன்னிறக் குள்ளநரி என்று பெயர். பெரியதற்குப் போய்க் 'குள்ள' என்று யார் பெயர் வைத்தார்களோ! மற்றொன்று வங்காள நரி. எடை 2 அல்லது 3 கிலோதான். பூனையைவிடச் சற்றே பெரியது. காதுகள் பெரியவை. அடர்ந்த வால் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும். வால் நுனி கறுப்பு என்பதை மட்டும் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. குள்ளநரிக்கும் நுனி கருத்தே இருக்கும். ஆனால் அதன் வால் குட்டையானது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தில் சிம்சோன் 300 நரிகளைப் பிடித்ததாக நீதித்தலைவர்கள் நூலில் படிக்கிறோம். அங்குள்ள எபிரேயச் சொல் இரண்டு விலங்குகளுக்கும் பொருந்துமாம். கூட்டமாக வாழ்வது குள்ளநரியே ஆதலால், அவை குள்ளநரிகளாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

இருப்பிடமும் ஒரு நல்ல அடையாளம். வங்காள நரி புல்வெளியையும் முட்புதர் நிறைந்த வறண்ட சமவெளியையும் விரும்பும். பல வாயில்கள் உள்ள வளை தோண்டி வாழும். எலி, கறையான், வண்டு, பழம் ஆகியவற்றைத் தின்னும். அடர்ந்த காட்டையும் செங்குத்தான மலையையும் அது நாடுவதில்லை. ஆகவே காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் 'நரி' என்று கேட்டால் அது பெரும்பாலும் குள்ளநரியாகவே இருக்கும்.

பார்க்க விரும்புவோர் விடியற்காலையிலோ அந்தியிலோ, காற்று நம் பக்கம் வீசும்படி அமைதியாக உட்கார வேண்டும். குட்டிகள் இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வளையருகே செல்லவே கூடாது. அச்சமின்றி நம்மை நோக்கி வரும் நரிக்கு வெறிநோய் இருக்கலாம். உடனே விலகிவிட வேண்டும்.

சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், பொங்கலையொட்டி நரியை வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி ஓடவிடும் 'வங்கா நரி' வழக்கம் இருந்து வந்திருக்கிறது. நரி முகம் பார்த்தால் மழையும் விளைச்சலும் பெருகும் என்ற நம்பிக்கைதான் காரணம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வனத்துறையினர் அபராதமும் விதித்துள்ளனர். நரியின் அதிர்ஷ்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை!

இனிக் கோழிக்கு வருவோம். ஒரு நாள் காலையில் மாமாவின் முட்டைக்கோழி ஒன்றைக் காணவில்லை. "நரிதான்" என்று சொல்லி மாமா கண்ணி வைக்கக் கம்பி எடுத்துவிட்டார். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் கூண்டருகே சேற்றில் தடங்கள் தெளிவாக இருந்தன. நான் அளவுகோலுடன் குனிந்து பார்த்தேன். நாய், நரி ஆகியவற்றின் தடம் நீளவாட்டில் இருக்கும். முன்னே நகக்குறி தெரியும். அங்கிருந்தவையோ வட்டமான தடங்கள். ஒன்றில்கூட நகக்குறி இல்லை. நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வது பூனை இனம் அல்லவா? மாமாவை அழைத்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு வீட்டு நாயைச் சேற்றில் நடக்கவிட்டு, இரண்டு தடங்களையும் தாமே ஒப்பிட்டுப் பார்த்தார். மாலையில் அந்தக் கம்பியைக் கொண்டே கூண்டின் ஓட்டையை அடைத்தார்.

அன்றிரவு மிளகுத் தோட்டத்திற்கு அப்பால் ஊளைச் சத்தம் கேட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை.